மேட்டு உச்சியில் துள்ளிய வண்டி

மண்ணூர்பேட்டை,
7 பிப்ரவரி 2024

அருள்,

இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே. நேற்று நாம் இரண்டு பேரும் கத்திய கத்தலில் எதிர்வீட்டு லோகநாயகி ஓடிவந்து, "இன்னாக்கா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். சொல்ல வேண்டியதை மெயிலில் எழுது. நானும் எழுதுகிறேன். எழுதும்போது ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேச முடியாது, அந்த வசதி நம் குடும்பத்துக்கு ரொம்ப அவசியம்.

நடந்ததைச் சொல்லி முடிக்க நீ விடவே இல்லை. முதலிலிருந்து சொல்கிறேன், கேள். பொங்கல் கழித்து எங்கள் ஆபீசைத் தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு மாற்றினார்கள். லிஃப்ட் கிடையாது. பழைய ஃபாக்டரிக் கட்டடம் என்பதால் பின்பக்கம் சரக்கு ஏற்றுகிற அகலமான சிமெண்டுச் சரிவு ஒன்று உண்டு. கையால் சுற்றி ஓட்டுகிற என் பழைய மூன்று சக்கர வண்டி அதில் ஏறாது. "கவலைப்படாதக்கா, நான் ஒரு வண்டி செஞ்சு தரேன், ஓட்ட ஓட்ட அதுவே கத்துக்கும்" என்றாய். லீவில் வந்தாய். கடையில் வாங்கிய பேட்டரி நாற்காலியின் மூளையைப் பிடுங்கிவிட்டு உன் புரோகிராமை வைத்தாய். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தச் சரிவில் ஏறிப் பார்த்தோம். சத்தமே இல்லாமல் ஏறியது. நீ கரக்பூருக்கு ரயிலேறிவிட்டாய்.

திங்கட்கிழமை காலை நான் தனியாகப் போனேன். அந்த வார்த்தையை எழுதவே சந்தோஷமாக இருக்கிறது. முப்பத்து மூன்று வயதில் முதல்தடவையாக, யாரும் கூட வராமல், வீட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற ஆபீஸ் வரைக்கும் நானே போனேன். வழியில் டீக்கடையில் நிறுத்தி ஒரு டீ குடித்தேன். சரிவில் வண்டி முனகிக்கொண்டே மெதுவாக ஏறியது. உச்சிக்கு வந்து சமதளத்தைத் தொட்டதும் துள்ளியது பார், வாசலில் இருந்த தண்ணீர் கேன் ஸ்டாண்டில் போய் மோதிவிட்டது. கேன் என் மடியில் விழுந்தது. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, அது போகட்டும். மொத்த ஆபீசும் எழுந்து ஓடிவந்து என்னைப் பார்த்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதைச் சொன்னால் நீ என்ன சொன்னாய்? "ஜாய்ஸ்டிக்க முழுசாத் தள்ளியிருப்ப." அந்தக் கைப்பிடியைப் பாதிக்கு மேல் நான் தள்ளவே இல்லை. அதோடு விட்டாயா? என்னைக் கேட்காமல் அம்மாவிடம் சொல்லி சார்ஜரை ஒளித்துவைக்கச் செய்தாய். அம்மாவும் ஒளித்துவிட்டு, "அவன் வர்ற வரிக்கும் ஊட்லயே கெடயேன்டி" என்கிறாள்.

எங்கள் மேனேஜர் தினேஷ் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் யார் துணையும் இல்லாமல் நான் பத்திரமாக மேலே வந்து காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் லேப்டாப்பை வீட்டுக்கே அனுப்பிவிடுவாராம், நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலையாம். நான் வீட்டுக்குள்ளேயே கழித்த வருஷங்கள் உனக்குத் தெரியும். மறுபடி அங்கே போக மாட்டேன்.

ஒரே ஒரு கேள்விதான். நீ இருந்த இரண்டு நாளும் ஒழுங்காக ஏறிய வண்டி, நீ போன மறுநாள் ஏன் துள்ளியது?

மதிவதனி

கரக்பூர்,
9 பிப்ரவரி

அக்கா,

மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே எடுத்தாயா? முதலில் அதைச் சொல்.

சார்ஜர் விஷயத்தில் என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். ஏன் துள்ளியது என்று தெரியாத ஒரு இயந்திரத்தில் உன்னை உட்காரவைக்க எனக்குத் தைரியம் இல்லை. மே மாதம் வருகிறேன், சேர்ந்து பார்க்கலாம். தினேஷிடம் வேண்டுமானால் நானே பேசுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கும் தெரியவில்லை. அந்த வண்டி செய்வது இவ்வளவுதான். நீ ஜாய்ஸ்டிக்கில் ஒரு வேகம் கேட்கிறாய். அந்த வேகத்தைக் கொடுக்க எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. உன் எடை, பையின் எடை, டயரில் காற்று, தரையின் சாய்வு எதையும் நான் அதற்குச் சொல்லித்தரவில்லை. கேட்ட வேகத்துக்கும் ஓடுகிற வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து அதுவே கணக்குப் போடும். மெதுவாகப் போனால், 'ஓ, பாரம் நான் நினைத்ததைவிட அதிகம்' என்று திருத்திக்கொண்டு இன்னும் பலமாக இழுக்கும். வேகமாகப் போனால் குறைத்துக்கொள்ளும். இது காகிதத்தில் நிரூபித்த கணக்கு. நம் சோதனையிலும் ஒருமுறைகூடத் துள்ளவில்லை. அதனால்தான் ஜாய்ஸ்டிக்கைச் சந்தேகப்பட்டேன். இன்னமும் முழுசாகச் சந்தேகம் போகவில்லை, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லேப்டாப்பை இணைத்திருந்தால்தான் அது என்ன செய்தது என்று எனக்குத் தெரிந்திருக்கும். இல்லாததால் உன் கண்ணும் காதும்தான் சாட்சி. எந்த இடத்தில் முனகத் தொடங்கியது? என்ன மாதிரி சத்தம்? வேறு ஏதாவது? கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து யோசித்து எழுது.

அருள்

மண்ணூர்பேட்டை,
12 பிப்ரவரி

அருள்,

எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பு நன்றாக இருக்கிறது. சார்ஜரும் கிடைத்துவிட்டது. அரிசி டிரம்முக்குள் இருந்தது. ஒளிக்கத் தெரியாதவளிடம் ஒளிக்கச் சொன்னது உன் முதல் தப்பு. தினேஷிடம் நீ பேசினால் பிறகு நான் உன்னோடு எழுத்திலும் பேச மாட்டேன்.

கோபத்தை ஒதுக்கிவைக்கச் சொன்னாய். ஒதுக்க முடியாது, ஆனால் கோபத்தோடும் யோசிக்க முடியும். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சரிவை மறுபடி மறுபடி ஏறிப் பார்த்தேன். கால்வாசி ஏறியதும் முனகல் ஆரம்பித்தது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. பாதிக்குக் கொஞ்சம் முன்னால், அந்தச் சத்தம் ஏறுவது நின்றுவிட்டது. குறையவும் இல்லை, கூடவும் இல்லை, ஒரே சுதியில் முனகிக்கொண்டு உச்சிவரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் லேசாகக் கருகல் வாடை அடித்தது. கீழே பேக்கிங் கம்பெனியில் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உச்சி, துள்ளல், தண்ணீர் கேன்.

எனக்கு இப்போது ஒரு சந்தேகம். நான் காமர்ஸ் படித்தவள், தப்பாக இருந்தால் சிரிக்காதே. 'மெதுவாகப் போனால் இன்னும் பலமாக இழுக்கும்' என்று எழுதியிருந்தாய். சரி, அதற்குமேல் பலமே இல்லையென்றால்? மோட்டார் தன்னால் முடிந்த அத்தனையும் கொடுத்தாகிவிட்டது, அப்போதும் வண்டி மெதுவாகத்தான் போகிறது. அந்த நேரத்தில் உன் புரோகிராம் என்ன நினைத்துக்கொள்ளும்?

நேற்று தெருவில் ஓட்டிப் பார்த்தேன். லோகநாயகி கூட வந்தாள். சமதரையில் சமர்த்தாக ஓடுகிறது. தெருமுனைக் கால்வாய் மேட்டில் ஏறி இறங்கினேன், அங்கேயும் துள்ளவில்லை. அம்மா வாசலில் நின்று முறைத்தாள். வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், பதினொரு மணி டீயைத் தனியாகக் குடிக்கிறேன். பிடிக்கவில்லை.

மதி

கரக்பூர்,
13 பிப்ரவரி

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். அறைத்தோழன் இளங்கோ, "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டான். பிரச்சனை என் தலையில்தான்.

சத்தம் ஏறுவது நின்றது என்று எழுதினாயே, அந்த இடத்தில் மோட்டார் தன் உச்ச வரம்பைத் தொட்டுவிட்டது. அதற்குமேல் அதனால் இழுக்க முடியாது. ஆனால் புரோகிராமுக்கு அது தெரியாது. அது கேட்டுக்கொண்டே இருக்கிறது, மோட்டார் கொடுத்ததையே கொடுத்துக்கொண்டிருக்கிறது. வண்டி வேகம் எடுக்கவில்லை. உடனே, 'பாரம் இன்னும் அதிகம் போல' என்று கணக்கைத் திருத்துகிறது. மறுபடி கேட்கிறது, மறுபடி திருத்துகிறது. நீ உச்சிக்கு வரும்போது அதன் கணக்குப்படி நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என் அக்கா இல்லை, ஒரு லாரி லோடு செங்கல். சமதளம் வந்ததும் சரிவு போய்விட்டது, லாரி லோடு கணக்கு மட்டும் போகவில்லை. அவ்வளவு பாரத்தை இழுக்கிற பலத்தில் உன்னை இழுத்துவிட்டது.

அதாவது ஜாய்ஸ்டிக் காரணம் இல்லை. நீ பாதி தள்ளியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அன்றைக்கு நான் பேசியது தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரித்துக்கொள். என் ஆராய்ச்சித் தலைப்பே இதுதான். வரம்புள்ள மோட்டாரை வைத்துக்கொண்டு, தெரியாத பாரத்தைக் கற்றுக்கொண்டு ஓட்டுவது எப்படி என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் வண்டியில் அந்தப் பகுதியைச் சேர்க்கவில்லை. தேவையில்லை என்று நினைத்தேன். அந்தச் சரிவுக்கு மோட்டார் பலம் போதுமா என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் பார்த்தோமே, போதுமானதாகத்தானே இருந்தது? அப்போது லேப்டாப் இணைத்திருந்தது, வரம்புக்குப் பக்கத்திலேயே போகவில்லை.

அங்கேதான் இடிக்கிறது. அதே வண்டி, அதே சரிவு, அதே நீ. ஞாயிற்றுக்கிழமை போதுமான பலம் திங்கட்கிழமை ஏன் போதவில்லை? டயரில் காற்று இறங்கியதா? பேட்டரி முழுசாக ஏறவில்லையா? பையில் என்ன வைத்திருந்தாய்? பொங்கலுக்கு அப்புறம் உன் எடை என்ன? கோபப்படாதே, கணக்குக்காகக் கேட்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்த்து எழுது. எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை.

அருள்

மண்ணூர்பேட்டை,
18 பிப்ரவரி

அருள்,

'அன்றைக்கு நான் பேசியது தப்பு' என்ற வரியை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உன் வாழ்க்கையில் நீ எழுதிய நல்ல வாக்கியம் அதுதான்.

இப்போது விசாரணை அறிக்கை. டயரில் காற்று சரியாக இருக்கிறது, பஞ்சர் கடையில் அளந்து பார்த்தேன். பேட்டரியை ஞாயிறு ராத்திரியே முழுசாக ஏற்றியிருந்தேன். பையில் டிபன் பாக்ஸும் ஒரு ஸ்வெட்டரும்தான், எங்கள் ஆபீஸ் ஏசி உனக்குத் தெரியும். எடைக்காக லோகநாயகி என்னை மாவு மில்லுக்கே கூட்டிப்போனாள். தராசில் நாற்காலியோடு ஏறினேன். மில்காரர், "இன்னாம்மா, அரைக்கணுமா?" என்று கேட்டார். பொங்கலுக்கு முன்னால் இருந்த அதே எடைதான், ஒன்றும் கூடவில்லை. ஆக, நீ கேட்டதில் எதுவுமே காரணம் இல்லை.

அப்புறம் இன்றைக்கு லீவு நாள் என்பதால் சரிவுக்கே போய்விட்டோம். துள்ளினால் என்ன செய்வது என்று உச்சிக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவதாக முடிவு செய்துகொண்டேன். வாட்ச்மேன் குணசேகரன், "இன்னாம்மா, ஞாயித்துக்கெழமகூட வேலையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். லோகநாயகி பின்னால் வந்தாள். வண்டி முனகவே இல்லை. நீ இருந்த நாளில் ஏறிய மாதிரியே சத்தமில்லாமல் ஏறியது.

திரும்பிப் பார்த்தேன். அவள் கை என் நாற்காலியின் முதுகில் இருந்தது.

"ஏன்டி தள்ற?"

"நான் இன்னாக்கா தள்ளுனேன்? சும்மா கைய வச்சிகினு வந்தேன்."

அவளைக் கீழே போய் நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி ஏறினேன். கால்வாசியில் முனகல் ஆரம்பித்தது, பாதியில் ஒரே சுதிக்கு வந்துவிட்டது, அதே கருகல் வாடை. நிறுத்திவிட்டேன். மறுபடி கை வைக்கச் சொன்னேன், முனகல் இல்லை. கை எடுத்தால் முனகல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "சத்தியமா தள்ளலக்கா" என்கிறாள். பொய் சொல்லவில்லை, பாவம். நம் பக்கத்தில் சக்கரம் வைத்த எது மேட்டில் ஏறினாலும் பின்னால் ஒரு கை வந்து ஒட்டிக்கொள்கிறது. மழையில் நின்றுபோன ஷேர் ஆட்டோவுக்கு, காய்கறி வண்டிக்கு, எனக்கு. கேட்டும் வருவதில்லை, வந்தது கைக்காரருக்கே தெரிவதும் இல்லை.

அருள், நீ சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கே நின்றாய்? லேப்டாப்பை என் மடியில் வைத்துவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே என் பின்னால்தானே வந்தாய்? உன் கை எங்கே இருந்தது?

மதி

கரக்பூர்,
20 பிப்ரவரி

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும், 'நான் தள்ளவில்லை' என்று பதில் அடித்துவிட்டேன். அனுப்பவில்லை. அனுப்புவதற்கு முன்னால் சோதித்துவிடலாம் என்று தோன்றியது.

விடுதிச் சமையலறையிலிருந்து ஒரு தட்டு எடைமெஷினை வாங்கி, சக்கரம் வைத்த நாற்காலியின் முதுகில் கட்டினேன். இளங்கோவை உட்காரவைத்தேன். நூலகத்துப் பக்கம் ஒரு சரிவு இருக்கிறது. மோட்டார் இல்லை என்பதால் முன்னால் இன்னொரு நண்பன் கயிறு கட்டி இழுத்தான். நான் எடைமெஷின்மேல் கையை வைத்து, தள்ளக் கூடாது, தள்ளக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். இளங்கோ கழுத்தைத் திருப்பி எண்ணைப் படித்தான். சமதரையில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சரிவு தொடங்கியதும் நாலு கிலோ. மேலே போகப் போக ஐந்தைத் தாண்டியது. எனக்குக் கையில் எதுவுமே தெரியவில்லை. "பாஸ், நீ தள்ற" என்று அவன் சொன்ன பிறகும் தெரியவில்லை.

உன்னையும் வண்டியையும் அந்தச் சரிவில் தாங்க மோட்டார் ஏறக்குறைய பதினாறு கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கை நான் தள்ளியிருக்கிறேன். என் சோதனை முழுக்க உன் வண்டியைச் சோதிக்கவே இல்லை, உன் வண்டியையும் என் கையையும் சேர்த்துச் சோதித்திருக்கிறது. பிறகு கையை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். நீ கீழே விழுந்திருக்கலாம். அதை நினைத்துத்தான் ராத்திரி முழுக்க வேலை பார்த்தேன், அக்கா.

புதிய புரோகிராம் எழுதிவிட்டேன். இதோடு அனுப்புகிறேன், போனிலிருந்தே வண்டிக்கு ஏற்றலாம். இரண்டு மாற்றம். மோட்டார் வரம்பைத் தொட்ட நொடியிலிருந்து வண்டி எதையும் கற்றுக்கொள்ளாது, கணக்கை அப்படியே நிறுத்திவைக்கும். வரம்பிலிருந்து வெளியே வந்தபிறகுதான் மறுபடி கற்கும். அதனால் உச்சியில் துள்ளாது, இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டாவது, கருகல் வாடை வந்ததே, அது மோட்டாருக்குள் இருக்கும் கம்பி சூடேறியது. அது எரிந்துபோகாமல் இருக்க உச்ச வரம்பைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

இதற்கு அர்த்தம் உனக்கே புரியும். துள்ளாது, ஆனால் நடுவழியில் நின்றுவிடும். இல்லாத பலத்தை எந்தப் புரோகிராமாலும் கொடுக்க முடியாது. பெரிய மோட்டாரை மே மாதம் கொண்டுவருகிறேன். அதுவரைக்கும் லோகநாயகியைத் தினமும் காலையில் கூட வரச்சொல்ல முடியாதா? கை வைத்தால் போதுமே.

அருள்

மண்ணூர்பேட்டை,
24 பிப்ரவரி

அருள்,

லோகநாயகிக்குக் காலையில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பணும், அவளுக்கும் பாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை இருக்கிறது. அவள் வரமாட்டேன் என்று சொல்லமாட்டாள், அதனால்தான் கேட்க மாட்டேன். தவிர, 'யார் துணையும் இல்லாமல்' என்பது தினேஷ் போட்ட நிபந்தனை மட்டும் இல்லை. எனக்கே அதுதான் வேண்டும்.

முடியாத நிலையில் இருக்கும்போது நடப்பதை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று நாற்காலிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாய். நல்லது. அன்றைக்குப் போனில் நான் அழுததைக் கேட்டதும், இவளால் இனி முடியாது என்று நீ முடிவுகட்டி, சார்ஜரை ஒளிக்கச் சொன்னாயே, உனக்கும் ஒரு புரோகிராம் எழுதிப் போட்டுக்கொள்.

புதியதை ஏற்றிக்கொண்டு இன்று சரிவுக்குப் போனேன். லோகநாயகியைத் தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். நீ சொன்ன மாதிரியே பாதிக்குமேல் வந்ததும் நின்றுவிட்டது. ஆனால் என்ன அழகாக நின்றது தெரியுமா! பின்னால் உருளவில்லை, உறுமவில்லை. ஜாய்ஸ்டிக்கை விட்டேன், பிரேக் பிடித்துக்கொண்டது. அந்த மேட்டின் நடுவில், ஆள் யாரும் தொடாமல், நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதல்தடவையாக வண்டி என்னிடம் உண்மை பேசுகிற மாதிரி இருந்தது.

அங்கே உட்கார்ந்தபடி யோசித்தேன். வண்டிக்குப் பலத்தைக் கூட்ட முடியாது. சரி, மேட்டைக் குறைக்க முடியுமா? பாடி மேம்பாலத்தில் தண்ணீர் கேன் ஏற்றிய சைக்கிள்காரர்கள் நேராகவா ஏறுகிறார்கள்? டிராஃபிக் இல்லாத நேரத்தில் பார், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கோணலாகப் போய், அங்கிருந்து திரும்பி இந்தப் பக்கம் வருவார்கள். இந்தச் சரிவு இரண்டு தள்ளுவண்டி எதிரெதிரே போகிற அளவுக்கு அகலம். வண்டியைக் கொஞ்சம் திருப்பி, குறுக்காகப் போகச் சொன்னேன். நகர்ந்தது, அருள்! முனகிக்கொண்டேதான், ஆனால் நகர்ந்தது. சுவர்வரைக்கும் போய்த் திரும்பினேன். அப்படியே வளைந்து வளைந்து உச்சிக்குப் போய்விட்டேன். துள்ளவில்லை. லோகநாயகி கைதட்டியதில் குணசேகரன் தூக்கம் கலைந்து ஓடிவந்தார். இறங்கும்போது மட்டும் அவள் கேட்கவே இல்லை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

உன் கணக்கில் இது சரிதானா? குறுக்கே போனால் மேடு குறைகிறதா, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறதா?

மதி

கரக்பூர்,
26 பிப்ரவரி

அக்கா,

குறைகிறது! படம் வரைந்து கணக்குப் போட்டுவிட்டேன். நேராக ஏறினால் பதினாறு கிலோ இழுக்க வேண்டிய இடத்தில், நீ சொன்ன கோணத்தில் போனால் பதினொன்றுதான். புதிய வரம்புக்குள் வந்துவிடுகிறது. வரம்புக்குள் இருப்பதால் வண்டி கற்றுக்கொண்டே வரும், ஒவ்வொரு திருப்பத்திலும் பாரத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளும். மோட்டாரிடம் இருக்கிற பலத்துக்கு ஏற்ற மாதிரி வழியை மாற்றிக் கேட்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் எப்போதும் மோட்டாரையே முறைத்துக்கொண்டிருந்தேன். இதை வைத்து ஒரு அத்தியாயமே எழுதலாம் போலிருக்கிறது, என் பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் அக்கா, குறுக்கே போகும்போது வண்டி பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். திரும்பும்போது வேகம் கூடாது, சுவரோரத்துக்குப் போவதற்கு முன்னாலேயே திரும்பு. உடம்பை எப்போதும் மேட்டுப் பக்கம் சாய்த்துக்கொள்.

வியாழக்கிழமைதானே மாதக் கடைசி? ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இந்தத் தடவை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். நான் வரட்டுமா? கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். அந்த ஒரு நாள் மட்டும் அங்கே இருக்கணும் என்று இருக்கிறது. நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் இன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவேன்.

அருள்

அம்பத்தூர் எஸ்டேட்,
29 பிப்ரவரி

அருள்,

உன் கேள்விக்கு வேண்டுமென்றேதான் பதில் எழுதாமல் இருந்தேன். வரட்டுமா என்று நீ கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. வேண்டாம் என்று எழுத மனசு வரவில்லை, சரி என்றும் எழுத முடியவில்லை. நீ வந்திருந்தால் எவ்வளவு தள்ளி நின்றாலும் உன் கை வந்திருக்கும்.

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். ஆபீசில் என் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காலையில் அம்மா வாசல்வரைக்கும் வந்தாள். டிபன் பாக்ஸை மடியில் வைத்தாள். சரிவின் அடிக்கு வந்தபோது உச்சியில் தினேஷ் நின்றுகொண்டிருந்தார், பின்னால் எங்கள் ஆபீசில் பாதிப் பேர். குறுக்காக ஏற ஆரம்பித்தேன். முதல் திருப்பத்தில் குணசேகரன், "இரும்மா, இரும்மா" என்று பின்னால் ஓடிவந்தார். வண்டி திடீரென்று லேசானது. முனகல் நின்றதை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணே, கைய எடுங்க" என்றேன். "நான் தள்ளலம்மா" என்றார். "தெரியும்ணே, எடுங்க" என்றேன். எடுத்தார். மறுபடி முனக ஆரம்பித்தது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

மேலே செங்குத்தாக இருக்கிற இடத்தில் கோணம் தப்பி வண்டி நின்றுவிட்டது. தினேஷ் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "சார், அங்கயே நில்லுங்க" என்றேன். மேனேஜரை நான் அதட்டியது இதுதான் முதல்தடவை. அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படவில்லை. மோட்டார் ஆறட்டும் என்று கொஞ்சம் உட்கார்ந்தேன். பிறகு இன்னும் அதிகமாகத் திருப்பி, மெதுவாகக் கேட்டேன். நகர்ந்தது. சமதளத்துக்கு வந்ததும் அப்படியே தரையோடு ஓடி என் மேஜைக்கு முன்னால் நின்றது. தினேஷ், "நாளைக்கும் வருவீங்கதானே?" என்று கேட்டார். "வேலைக்கு வராம?" என்றேன். பதினொரு மணி டீயை எல்லாரோடும் குடித்தேன். சர்க்கரை அதிகம், இருந்தாலும் குடித்தேன்.

இப்போதுதான் ஒன்று உறைத்தது. நீ இருந்த நாட்களில் இறங்கும்போது நீ பிடித்துக்கொண்டாய். பதினெட்டாம் தேதியும் போன சனிக்கிழமையும் லோகநாயகி பிடித்துக்கொண்டாள். சம்பவம் நடந்த அன்றைக்கு நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். தனியாக இறங்கும்போது இந்த வண்டி என்ன நினைத்துக்கொள்ளும், பாரமே இல்லை என்றா? அதற்கும் ஒரு வரம்பு இருக்குமா? ஏறுவதைப் பற்றி இவ்வளவு எழுதினோம், இறங்குவதைப் பற்றி நாம் இருவரும் ஒரு வரி எழுதவில்லை.

ஐந்தரைக்கு ஆபீஸ் முடிகிறது. ஜாய்ஸ்டிக்கை விட்டால் நிற்கும் என்று தெரியும், குறுக்கே போகத் தெரியும், மீதி தெரியாது. உன் பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. நான் இறங்கிப் பார்க்கிறேன், நீ அங்கே கணக்குப் போட்டு வை. யாருடையது சரி என்று பார்க்கலாம்.

மதி